தொடர் நாடகமும் பயன் சொல்வோரும்

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



தொலைக்காட்சித் தொடர் நாடகங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நமது காரியதரிசி என்னைக் கேட்டபொழுது, எனக்கு அதற்கு என்ன தகுதி உண்டென்று யோசித்துப் பார்த்தேன். நான் நாடகாசிரியன் அல்லன். மேடையேறி நடித்தவனும் அல்லன். பாடசாலை நாளில் ஒரே ஒரு தடவை வாயிற்காவலனாக நின்று, சொல்ல வேண்டிய ஒரு வசனத்தையும் மறந்தவன். எனக்குள்ள தகுதி ஒன்றுதான். இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வேளைகளில் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே, குற்றவாளிக் கூண்டில் நிற்பவனே சாட்சியும் சொல்வது போல என் பேச்சு இருக்கும். பொறுத்தருள்க.

சென்ற நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கோயிலிற் கந்தபுராண படனத்துக்குச் சனம் வருவதில்லை. அதற்குக் காரணம் மாலையில் ஒளிபரப்பாகும் தொடர் நாடகங்களே. ஆதலின் சங்கம் அவற்றைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றி, வீடுகளிற் பெட்டியை நிறுத்துமாறு துண்டுப் பிரசுரம் விநியோகிக்க வேண்டும் என்பது பிரேரணை. கொண்டுவந்தவர் நான் மதிக்கும் பெரியவர். அவருடைய மனவருத்தத்தில் நியாயம் உண்டு. சென்ற ஆண்டுப் படனத்தில், படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர், கேட்டவர் நால்வர். அந்நால்வரிலும் ஒருவர் கோயிற் காவலாளி. அவர் கதவு பூட்டுவதற்காக இருந்தவர்.

ஆயினும் அப்பிரேரணையை நான் எதிர்க்கிறேன். தொடர் நாடகங்களை ஆதரித்து அதை எதிர்க்கவில்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றின் மீது எனக்குப் பெரிய குறைபாடு உண்டு. அதையே முதலிற் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், நோயை அறியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து.

முதலில் ஒரு சிறு பிணக்கைத் தீர்த்து விடுவோம். இந்தப் பேச்சு எழும் இடமெல்லாம், "பெண்டுகள் நாடகம் பார்த்துக் கெட்டுப் போச்சினம்" என்று நம்மிற் சிலர் சொல்கிறார்கள். தாய்மார் எதிரில் இருக்கும் இவ்வேளையில் உண்மையைச் சொல்லுகிறேன்: ஆண்களாகிய நாமும் பார்க்கிறோம். பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் ஓரத்தாற் பார்க்கிறோம். ஒரு நாள் மின்சாரம் நின்று ஓர் அங்கம் தவறிப் போனால், மறுநாட் காலை தேநீர்க் கடையில், "நேற்று என்ன நடந்ததாம்? வீட்டிலை கேட்கினம்" என்று விசாரிப்பவர்கள் யார்? எல்லோரும் மீசை வைத்தவர்கள்.

இனி, ஏன் பார்க்கிறோம் என்பதை நோக்குவோம். நம் ஊரில் மாலை ஏழு மணிக்கு ஒரு வீதியால் நடந்து பாருங்கள். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் வயது முதிர்ந்த ஒருவர் அல்லது இருவர் மாத்திரம் இருப்பார்கள். பிள்ளைகள் கனடாவில், இலண்டனில், சுவிசில். தொலைபேசி வரும், அது ஞாயிற்றுக்கிழமை வரும். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டுக்குள்ளே தமிழ் பேசிக்கொண்டு நுழைகின்ற மனிதர்கள் யார்? தொடர் நாடகத்து மனிதர்களே. அவர்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள். கடன் கேட்பதில்லை. போகும்போது "நாளைக்கு வருவோம்" என்று சொல்லாமற் சொல்லிப் போகிறார்கள். அவ்வீட்டு வாயிலில் நின்று, "பெட்டியை நிறுத்துங்கள்" என்று பிரசுரம் கொடுப்பதற்கு எனக்கு மனம் வராது.

கதையைத் தொடராகக் கேட்கும் ஆசை தொலைக்காட்சி கொண்டுவந்த ஆசையும் அன்று. 1970களில் இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' என்ற தொடர் நாடகம் ஒலிபரப்பான நேரத்தில், எங்கள் வீட்டு முற்றத்திற் பக்கத்து வீட்டாரும் வந்து கூடுவர். அதிலே பேசியவர்கள் நம்மைப் போலவே பேசினார்கள். "கதைக்கிறன்" என்றார்கள், "வாறன்" என்றார்கள். இன்று நம் சிறுவர்கள் பெட்டியைக் கேட்டுக் கேட்டு, "பேசறேன்", "வர்றேன்" என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பேச்சு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அது அழகு. ஆனால் நம் பிள்ளைக்கு நம் பேச்சு நாணத்தக்கதாகத் தோன்றுமானால், அது யோசிக்க வேண்டிய விஷயம். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தோன்றிய பின்னர், சிங்களத்தில் 'யசோராவய', 'தூ தருவோ' என்று சோமவீர சேனாநாயக்க போன்றவர்கள் எழுத, நல்ல தொலைநாடக மரபொன்று வளர்ந்தது. வானொலியில் அவ்வளவு திறமை காட்டிய நாம், தொலைக்காட்சியில் அத்தகைய மரபொன்றை நிலைநாட்டவில்லை. சனத்தொகை சிறிது, அனுசரணையாளர் அரிது என்பன காரணங்கள். பிறர் சமைத்ததை உண்ணும் வீட்டில் உப்பைப் பற்றி முறையிடுவது கடினம்.

இப்பொழுது இந்து வாலிபர் சங்கத்துக்கு மிக நெருங்கிய இரண்டு தொடர்களுக்கு வருகிறேன். இராமானந்த சாகரின் 'இராமாயணம்' 1987 சனவரி 25ஆந் திகதி இந்தியத் தூரதர்சனில் ஆரம்பமாயிற்று. ஞாயிறு காலையில் ஒளிபரப்பு. அந்நேரத்தில் வடஇந்திய நகரங்களில் வீதிகள் வெறிச்சோடின என்றும், பலர் நீராடி வந்து, பெட்டிக்கு மாலை சூட்டிச் சாம்பிராணி காட்டிப் பார்த்தனர் என்றும் அக்காலப் பத்திரிகைகள் எழுதின. நம் ஊரிலும் கூரைக்கு மேலாக நீண்ட குழாய் நாட்டி அன்ரெனா கட்டி, இந்திய ஒளிபரப்பைப் பிடிக்க முயன்றோர் உண்டு. படம் பாதி, பனி பாதி. எங்களுக்கு இந்தி ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் ஒருவரும், "இவர் யார், இவர் ஏன் அழுகிறார்" என்று கேட்கவில்லை. கதை முன்பே நமக்குள் இருந்தது.

அத்தொடர் 52 அங்கங்களாகவே திட்டமிடப்பட்டது. மக்கள் விருப்பத்தால் 78 அங்கங்களுக்கு நீண்டது. 1988 யூலை 31இல் பட்டாபிஷேகத்தோடு நிறைவெய்தியபோது, பஞ்சாப் முதலிய இடங்களில் வான்மீகி முனிவரைத் தம் குலமுதல்வராகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர், உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டுமென்று வேலைநிறுத்தஞ் செய்தனர். பின்னர் அதுவும் எடுக்கப்பட்டது. இதனை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது என்ன? கதையை வீணாக நீட்டுங்கள் என்றல்ல. சீதை காட்டிலே எங்கள் முனிவரின் ஆச்சிரமத்தில் இருந்தாளே, அதைச் சொல்லாமல் முடித்து விட்டீர்களே என்பதே. பார்வையாளனுக்கும் கதையில் உரிமை உண்டென்பதற்கு இதைவிட உதாரணம் நான் அறியேன்.

அதனைத் தொடர்ந்து 1988 ஒக்ரோபர் 2இல் பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' ஆரம்பித்தது, 94 அங்கங்கள். அதற்கு வசனம் எழுதியவர் ராகி மசூம் ரசா என்ற முஸ்லிம் எழுத்தாளர். வியாசருடைய பெருங்காவியத்தை, காலம் என்னும் குரலே எடுத்துச் சொல்வதாக அமைத்தார்கள். எவ்வளவு பொருத்தம்! பாண்டவர் பக்கமும் நில்லாமற் கௌரவர் பக்கமும் நில்லாமல், நடந்ததைக் கண்ட ஒருவர் சொல்கிறார். சூதாட்டம் நடக்கும்போது அக்குரல் நம்மைச் சும்மா இருக்க விடாது. சபையில் வாய்மூடி இருந்த பெரியவர்களை நோக்கிக் கேள்வி கேட்கும். இவ்விரு தொடர்களும் 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் மீண்டும் ஒளிபரப்பானபோது என் பேரப்பிள்ளைகளோடு பார்த்தேன். அம்பு ஆகாயத்தில் ஊர்ந்து போகும் வேகத்தைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள். பீஷ்மர் அம்புப் படுக்கையிற் கிடந்தபோது சிரிக்கவில்லை.

இவ்விரு தொடர்களுக்கும் ஒரு முடிவு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். இராவணன் விழுவான், பாரதப் போர் முடியும். விளம்பரக்காரர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இராவணனை இன்னும் ஆறு மாதம் உயிரோடு வைத்திருக்க முடியாது. நம் நாளாந்தத் தொடர்களின் நோய் இங்கேதான் இருக்கிறது.

1999 தொடக்கம் 2001 வரை 'சித்தி' வந்தது. பின் திருமுருகனின் 'மெட்டி ஒலி' வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற தகப்பனின் கதை. 800க்கு மேற்பட்ட அங்கங்கள். அதை நான் இன்றும் மதிக்கிறேன். கலியாணம் செய்து கொடுத்த வீட்டில் மகள் அடி வாங்குகிறாள் என்று அறிந்தும், அந்த வீட்டு வாயிலிற் கைகட்டி நிற்கும் தகப்பனை அதற்கு முன் நம் நாடகங்கள் அவ்வளவு பொறுமையாகக் காட்டியதில்லை. பெண் பிள்ளை பெற்ற நம் வீட்டுத் தகப்பன்மார் அதைப் பார்த்து விட்டு எழுந்து வெளியே போய் நின்றதைக் கண்டிருக்கிறேன். நீண்ட கதையால் மாத்திரமே செய்யக்கூடிய காரியம் அது. இரண்டரை மணித்தியாலச் சினிமாவினால் ஒரு தகப்பன் மெல்ல மெல்ல முதுமையடைவதைக் காட்ட முடியாது.

பின்பு 2003 நவம்பரில் 'கோலங்கள்' தொடங்கியது. தேவயானி அபி என்னும் பெண்ணாக நடித்தார். தகப்பன் விட்டுப்போன குடும்பத்தைத் தாங்கி, கட்டடத் தொழிலில் இறங்கிப் பெயரெடுக்கும் பெண். அவளுக்குப் பகைவன் ஆதி. அப்பொழுது நாங்கள் வெள்ளவத்தையிற் குடியிருந்தோம். 2004இல் என் பெரியம்மா ஊரிலிருந்து எங்களோடு வந்து இருந்தார். அவருக்குக் காது சற்று மந்தம். ஆகவே நான் பக்கத்தில் இருந்து, நடப்பதைச் சொல்ல வேண்டும். நான் தொடர் நாடகம் பார்க்கத் தொடங்கிய சரித்திரம் இதுவே.

ஒவ்வொரு நாளும் அங்கம் முடிந்ததும் பெரியம்மா கேட்பார்: "தம்பி, உவன் ஆதி இண்டைக்கும் பிடிபடேல்லையே?"

"இல்லைப் பெரியம்மா."

"நாளைக்கு?"

"பார்ப்பம்."

நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. 2008ஆம் ஆண்டு பெரியம்மா காலமானார். 'கோலங்கள்' முடிவடைந்தது 2009 டிசெம்பர் 4இல். 1500க்கு மேற்பட்ட அங்கங்கள், ஆறு ஆண்டுகள். இறுதி அங்கத்தை நான் தனியாக இருந்து பார்த்தேன். பழக்க தோஷத்தினால் ஒருமுறை பக்கத்துக் கதிரையின் பக்கம் திரும்பிச் சொல்ல வாயெடுத்தேன்.

சபையோரே, கதை முடிவதற்கு முன் கேட்பவர் முடிந்து விடுகிறார். இது ஒரு பெரியம்மாவுக்கு நேர்ந்தது மாத்திரமன்று. நம் ஊரிலே மாலைத் தொடர்களின் மிக விசுவாசமான பார்வையாளர்கள் எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். அவர்களிடம், "அநியாயஞ் செய்தவன் நாளைக்குப் பிடிபடுவான், நாளைக்குப் பிடிபடுவான்" என்று ஆறு ஆண்டுகள் தவணை சொல்வது நீதியா? கடன்காரன் ஒருவன் இவ்வாறு தவணை சொன்னால் நாம் விதானையாரிடம் போகமாட்டோமா?

இதற்குக் காரணம் எழுதுபவருடைய கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. தொழிலின் அமைப்பு அப்படி. அரைமணித்தியாலத்தில் விளம்பரம் போகக் கதை சுமார் 20 நிமிடம், கூடினால் 22 நிமிடம். வாரந்தோறும் எத்தனை வீடுகள் பார்த்தன என்ற கணக்கு வரும். கணக்கு ஏறினால், ஏறச் செய்த சண்டையை நீட்டுவார்கள். இறங்கினால் ஒரு விபத்து, ஒரு கடத்தல், ஒரு மறதி நோய். நடிப்பவர் விலகிக்கொண்டால், "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஓர் அறிவித்தல் போட்டுப் புதியவரை அதே புடவையோடு கொண்டு வந்து நிறுத்துவார்கள். கணவனுக்கும் சந்தேகம் வராது. ஒருவர் இன்னொருவரின் கன்னத்தில் அறைந்தால் மூன்று திசையிலிருந்து மூன்று தடவை அறைவார், இடியிடிக்கும், பத்துப் பேருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், அன்றைய அங்கம் முடிந்தது. முடிவு என்பது அவர்களுக்கு வருமான இழப்பு. ஆகவே தீயவனுக்குத் தண்டனை கிடைப்பதும் வருமான இழப்பு. நான் கண்ட வரையில் தொடர் நாடகத்தின் அதர்மம் மாமியார் மருமகள் சண்டையில் இல்லை. அது நம் வீடுகளிலும் உண்டு. வினைக்குப் பயன் வராமலே பார்த்துக்கொள்வதுதான் அதர்மம்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு யப்பானியரின் 'ஓஷின்' சாட்சி. 1983 ஏப்ரில் தொடக்கம் 1984 மார்ச் வரை யப்பானியப் பொது ஒளிபரப்பில் வந்து, ரூபவாஹினியிலும் நம்மவர் பார்த்தது. அங்கத்துக்கு 15 நிமிடம்; 297 அங்கங்கள். கூட்டினால் ஏறக்குறைய 74 மணித்தியாலம். அதற்குள் ஒரு குடியானவப் பெண் ஏழு வயதில் வேலைக்காரியாக அனுப்பப்படுவது முதல், எண்பது வயதுக்கு மேல் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது வரை முழுவதும் அடங்கிவிட்டது. எழுதியவர் சுகாகோ ஹஷிதா என்ற பெண்மணி. ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். 'கோலங்க'ளுக்கு 20 நிமிடக் கணக்கிற் பார்த்தால் 500 மணித்தியாலம் வருகிறது. அபியின் ஆயுளில் எத்தனை ஆண்டு நகர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சங்கத்தின் நோக்கத்துக்குரிய இன்னொரு குறை. இத்தொடர்களிற் கோயில் வராத நாளில்லை. சமயம் வருகின்ற நாள் அரிது. கற்பூரம் அணைந்தால் அபசகுனம். குங்குமம் சிந்தினால் கணவனுக்கு ஆபத்து. தாலி ஒரு வெடிகுண்டு போல எந்நேரமும் கைமாறிக்கொண்டிருக்கும். வில்லிக்கு ஒரு மந்திரவாதி, கதாநாயகிக்கு ஒரு தீச்சட்டி. இதற்கு மேல் 2015இல் இந்தியில் ஆரம்பித்துத் தமிழுக்கும் வந்த 'நாகினி' போன்றவற்றிற் பாம்பு பெண்ணாகிப் பழி வாங்குகிறது. நம் சமயத்தை அறியாத ஒருவர் இவற்றைப் பார்த்தால், சைவர் என்போர் சகுனத்துக்கு அஞ்சிச் சபதம் போட்டுக்கொண்டு திரிபவர்கள் என்று நினைப்பார். அடியார்க்கு உணவளித்தல், திருமுறை ஓதல், உழவாரத் தொண்டு, செத்த வீட்டுக்குப் போய் உதவுதல் ஒன்றும் அங்கே இல்லை. அவற்றில் இடியிடிப்பதற்கு இடமில்லை.

இருந்தும் அண்மைக் காலத்தில் ஒரு தொடர் என்னைத் தடுத்து நிறுத்தியது. 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்', 'கோலங்க'ளை இயக்கிய திருச்செல்வத்தின் தொடர். படித்த பெண்களை மருமக்களாகக் கொண்டுவந்து, வேலைக்குப் போகவிடாமல் அடுப்படியில் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரன் என்பவனாக மாரிமுத்து நடித்தார். அவன் பேச்சை நம் சந்தியில் நிற்கும் வாலிபர்கள் அப்படியே பேசிக் காட்டுவார்கள். எனக்கு முதலிற் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள், அவன் பேசும் பேச்சில் ஒரு பகுதி என் சொந்த வாயிலிருந்து வந்த பேச்சு என்று என் மனைவி எடுத்துக்காட்டினார். திகதியோடு காட்டினார். 2023 செப்ரெம்பர் 8ஆந் திகதி அத்தொடருக்கான குரற்பதிவின்போது மாரிமுத்து மயங்கிக் காலமானார் என்ற செய்தி வந்தபொழுது, அந்தப் பாத்திரத்தை ஒவ்வொரு நாளும் திட்டிய எங்கள் வீட்டுப் பெண்கள் கண்கலங்கினார்கள். இதனால் அறிவது யாதெனில், பார்ப்பவர்கள் மூடர்கள் அல்லர். பாத்திரம் வேறு, மனிதன் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தில், மாற்றான் மனைவியைக் கவர்ந்தவனே கதாநாயகன்; அவன் விழும்போது சபை கலங்கியது. ஆனால் அவன் விழுந்தான்! கூத்து முடிந்தது, சனம் எழுந்து வீட்டுக்குப் போயிற்று. 'எதிர்நீச்சல்' 2024 யூனில் முடிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடியும் தொடங்கிவிட்டது.

இனிப் படனத்துக்கு வருகிறேன். கந்தபுராணத்திற் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்கள். நாளுக்குச் சில படலமாகப் படித்து, பயன் சொல்லி முடிக்க வாரக்கணக்காகும். அதுவும் தொடர்தான். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தாருடைய வாழ்வுக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டார்கள். ஒரு தொடரைக் கேட்டு வளர்ந்த சனம் நாம் என்பதே அதன் கருத்து என்று நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் சூரன் என்ன ஆவான் என்று படனத்தில் யாரும் கேட்பதில்லை. ஆண்டுதோறும் சூரன்போர் பார்க்கும் குழந்தைக்கும் அது தெரியும். முடிவு தெரிந்த கதையைக் கேட்பவன் "அடுத்தது என்ன" என்று கேட்கமாட்டான். "ஏன்" என்று கேட்பான். கேட்டால் மறுமொழி சொல்வதற்கு அங்கே பயன் சொல்பவர் இருப்பார்.

ஒரு சம்பவம் சொல்லுகிறேன். மேலே சொன்ன பெரியம்மாவின் ஒரே மகன் 1985இல் நாட்டை விட்டுப் போனவன், ரொறன்ரோவில் இருக்கிறான். அவன் போய் மூன்று நான்கு ஆண்டுகளின் பின், நம் கோயிற் படனத்தில் இரணியனுடைய கதை வந்தது. இரணியன் சூரபன்மனின் மகன். போர் வேண்டாம் என்று தகப்பனுக்குப் புத்தி சொன்னான், தகப்பன் கேட்கவில்லை. பின் தானும் போருக்குப் போனான். இனி வெல்ல முடியாது, குலம் முழுவதும் அழியப் போகிறது என்று கண்டபோது, தகப்பனுக்கு இறுதிக்கடன் செய்ய ஒருவனாவது வேண்டுமே என்று எண்ணி, மீன் உருக்கொண்டு கடலுக்குள் ஒளித்துக்கொண்டான்.

பயன் சொல்லி முடிந்ததும் தூணோடு சாய்ந்திருந்த பெரியம்மா கேட்டார்: "ஐயா, கடலுக்கை போய் ஒளிச்சவனைக் கோழை எண்டு சொல்லுறதோ, பிள்ளை எண்டு சொல்லுறதோ?"

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அவர் ஏன் கேட்கிறார் என்று தெரியும். அங்கே பாதிப் பேருடைய பிள்ளைகள் அப்போது கடல் கடந்து போயிருந்தார்கள். மற்றப் பாதிப் பேருடைய பிள்ளைகள் போகாமல் நின்றிருந்தார்கள். அதன் துயரமும் அங்கே இருந்தது. பயன் சொல்பவர் ஏட்டை மூடி வைத்து விட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "அம்மா, அவன் ஓடினதைக் கச்சியப்ப சுவாமிகள் மறைக்கவில்லை. ஏன் ஓடினான் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டையும் நாங்கள் சேர்த்து வைத்திருக்க வேண்டியதுதான்" என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லாமற் கையெடுத்துக் கும்பிட்டார். 2008இல் அவர் காலமானபோது மகனால் வர முடியவில்லை, காலம் அப்படி. கொள்ளி வைத்தவன் நான்.

ஆதி எப்பொழுது பிடிபடுவான் என்று நான்கு ஆண்டுகள் கேட்டவரும் அதே பெரியம்மாதான். அவர் மாறவில்லை. ஓரிடத்தில் அவருக்கு ஏன் என்று கேட்க வாய்ப்பிருந்தது. மற்ற இடத்தில் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த நானும், "பார்ப்பம்" என்று சொன்னதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அபியின் தகப்பன் ஏன் விட்டுப் போனான், விட்டுப் போனவனுக்கு அபி ஏன் இரங்குகிறாள் என்று அவரோடு பேசியிருக்கலாம். அவருக்கு அதில் எவ்வளவோ சொல்ல இருந்திருக்கும். அது என் குறை, பெட்டியின் குறையன்று.

ஆகவே பிரேரணைக்கு ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். கண்டனத் தீர்மானமும் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். சென்ற ஆண்டுப் படனத்தை நாம் இரவு ஏழரைக்கு வைத்தோம். வயோதிபருக்கு அது கண் தெரியாத நேரம். வீட்டுக்குத் திரும்பக் கூட்டிச் செல்ல ஆளில்லாத நேரம். தொடர் நாடகத்தோடு போட்டிக்கு நின்ற நேரமும் அதுவே. இவ்வாண்டு மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு நிறுத்துவோம். சங்கத்து வாலிபர்களில் முச்சக்கர வண்டி உள்ள மூவர், தனித்திருக்கும் பெரியவர்களை வீட்டிலிருந்து ஏற்றி வந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எரிபொருட் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். மாதக் கணக்கைத் தனாதிகாரியிடம் கொடுத்திருக்கிறேன். ஏழரை மணித் தொடருக்கு எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்து விடலாம்; நானும் போக வேண்டும்.

கூட்டிக்கொண்டு போய் விடுகின்ற பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாயிலில் இறக்கிவிட்டு உடனே திரும்பி ஓடாதீர்கள். உள்ளே போய், அந்த ஓர் அங்கம் முடியும் வரை பக்கத்திற் கதிரை போட்டு இருங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று அவர்களே சொல்லித் தருவார்கள்.

திருத்தத்தை வழிமொழிபவர் யாராவது இருந்தால் இப்பொழுதே கையுயர்த்தலாம்.